கொர்தோவாவும் கீழக்கரையும்

1933 ஆம் ஆண்டு சனவரித் திங்களில், இலண்டனில் நடைபெற்ற வட்டமேசை மாநாட்டின் பின்னர், கவிஞர் முகம்மது இக்பால் ஸ்பெயின் நாட்டிற்குச் சென்றார். அந்நாட்டின் தென்பகுதியில், குவாதல்கிவீர் ஆற்றங்கரையிலுள்ள கொர்தோவா என்னும் பழம்பதியை அடைந்து, ஏறத்தாழ ஏழு நூற்றாண்டுகளாகக் கிறித்தவப் பேராலயமாக விளங்கிவந்த பழைய பெரும் பள்ளிவாசலைக் கண்டார். அக்காட்சியின் பயனாக உருதுமொழியில் எழுந்த நெடும்பாடல், 1935 இல் வெளியான 'பாலே ஜிப்ரீல்' என்னும் அவருடைய தொகுதியில் இடம்பெற்றது. அரபியர் குர்துபா என வழங்கிய அந்நகர், அப்பாடல் வழியாக, ஸ்பெயினை ஒருநாளும் கண்டிராத துணைக்கண்டத்து மக்கள் பலருக்குத் தம் சொந்த ஊர்போல ஆயிற்று.

ஊர் காணச் செல்வோர் தம் கண்ணையும் உடன்கொண்டு செல்கின்றனர். காலத்தின் அழிவாற்றலையும், அவ்வழிவைக் கடந்து நிற்கும் அன்பின் ஆற்றலையும் அக்கற்கூடத்திலே இக்பால் கண்டார். கட்டடக் கலைஞன் அங்குக் காண்பன வேறு. முற்பகலில் வந்து பிற்பகலில் மீளும் சுற்றுலாப் பயணி காண்பன வேறு. 1984 இல் யுனெஸ்கோ நிறுவனம் அக்கட்டடத்தை உலக மரபுரிமைச் சின்னமாக ஏற்றது. 2019 ஆம் ஆண்டில் மட்டும் இருபது இலட்சத்துக்கு மேற்பட்டோர் அதனைக் காணச் சென்றனர். நம் மாணவரும் அதன் செந்நிற வெண்ணிற வளைவுகளைப் படங்களிற் கண்டு வியக்கின்றனர். அதே மாணவரிடம் கீழக்கரைப் பள்ளிவாசல் எத்தகையது என வினவின் விடை கிடைப்பதில்லை. மன்னார்க் குடாவின் கரையில், இராமநாதபுர மாவட்டத்தில், நம் தாய்மொழியே பேசி வாழும் அத்துறைமுக நகர் நமக்குக் கொர்தோவாவினும் சேய்மையதாகிவிட்டது.

இவ்விரு நகர்களையும் ஒருங்கு வைத்து நோக்கி, ஒரு மரபிலே பிறந்த வடிவத்தை மற்றொரு சமயத்தார் மேற்கொள்ளும்போது அதனை மதிப்பிடுவதற்குரிய அளவுகோல் யாது என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். அளவுகோல் பிழைபடின் மதிப்பீடும் பிழைபடும். திருகோணமலையில் வாழும் நமக்கு அப்பிழை ஏட்டளவில் நின்றுவிடுவதன்று என்பது இறுதியிற் புலப்படும்.

முதற்கண் கொர்தோவாவை நோக்குவோம். தமஸ்குவில் ஆட்சி இழந்த உமையா மரபின் இளவரசர் முதலாம் அப்துர் ரகுமான், 756 இல் கொர்தோவாவிலே தம் அரசை நிறுவி, 785 ஆம் ஆண்டளவில் பள்ளிவாசற் பணியைத் தொடங்கினார். அவ்விடத்தே புனித வின்சென்ட் பெயரால் ஒரு கிறித்தவக் கோயில் இருந்ததென்றும், அரசர் அதனை விலைகொடுத்துப் பெற்றாரென்றும் அரபு வரலாற்றாசிரியர் கூறுவர். அவருடைய கொத்தர்களுக்குக் கிடைத்தவை உரோமர் காலத்தும் விசிகொத்தியர் காலத்தும் எஞ்சிய தூண்கள். அவை அளவால் ஒவ்வாதன. பெருங்கூடத்துக்கு வேண்டிய உயரமும் இல்லாதன. ஆகவே, தூணின் தலையில் ஒரு வளைவையும், அதற்குமேல் சிறு கற்றூண் எழுப்பி இரண்டாவதொரு வளைவையும் அமைத்தனர். செங்கல்லும் வெண்கல்லும் மாறிமாறி வர அடுக்கினர். அவ்விரட்டை வளைவே இன்று உலகமெங்கும் அப்பள்ளியின் அடையாளமாக அறியப்படுகிறது.

இவ்வமைப்பின் கூறுகள் பல அந்நாட்டுக்கு முன்னரே உரியவை. குதிரை இலாடம் போன்ற வளைவை விசிகொத்தியர் தம் கோயில்களில் ஆண்டிருந்தனர். வளைவின்மேல் வளைவு அமைத்துச் செங்கல்லையும் கருங்கல்லையும் மாற்றி அடுக்கும் முறையை மேரிதா நகரிலுள்ள உரோமர் காலத்து நீர்ப்பாலத்திலே காணலாம். பத்தாம் நூற்றாண்டில் இரண்டாம் ஹகம் பள்ளியை விரிவாக்கியபோது, தொழுகைத் திசை காட்டும் மிஹ்ராபின் முகப்பிற்கு ஒளிவிடும் பன்னிறச் சில்லுகளையும் அவற்றைப் பதிக்கவல்ல கைவினைஞரையும் கொன்சுதாந்திநோப்பிளின் கிறித்தவப் பேரரசர் அனுப்பினார். எனினும், அது உரோமரின் படியென்றோ, கிறித்தவரின் இரவலென்றோ எத்திறனாய்வாளரும் கூறுவதில்லை. அங்குள்ள எண்ணூற்றைம்பதுக்கு மேற்பட்ட தூண்களுக்கிடையே நிற்பவன் உணர்வது எத்திசையிலும் முடிவின்றி ஒத்து விரியும் ஒரு வெளியை. அவ்வெளி உரோமரிடத்தும் இல்லை; விசிகொத்தியரிடத்தும் இல்லை. பழைய உறுப்புக்கள் புதிய கருத்தொன்றுக்கு உடலாயின. அதனாலேயே அது முதனூலாகக் கொள்ளப்படுகிறது.

இனி, கீழக்கரைக்கு வருவோம். அவ்வூரின் பழைய ஜும்ஆப் பள்ளி பதினேழாம் நூற்றாண்டைச் சார்ந்தது. வள்ளல் சீதக்காதி எனப் போற்றப்படும் செய்கு அப்துல் காதிர் மரைக்காயர் அதனை எடுப்பித்தார் என்பது மரபு. அவர் பெருங்கடல் வாணிகர். இராமநாதபுரத்தை ஆண்ட கிழவன் சேதுபதியின் நம்பிக்கைக்கு உரியவர். அப்பள்ளியின் பழைய கூடத்திலே குவிமாடத்தையும் குதிரை இலாட வளைவையும் தேடுவோர் ஏமாற்றமடைவர். அங்குள்ளவை தூண், போதிகை, உத்தரம், தட்டையான கற்கூரை என்பனவே. தமிழ்நாட்டுத் தச்சன் கோயில் மண்டபத்திற் பயின்ற இலக்கணமே அங்கும் பயின்றுள்ளது.

இதனைக் கண்டோர் இருவகையாகத் தீர்ப்புக் கூறுவர். கோயிலைப் பார்த்துச் செய்த படி இது என்பார் ஒருசாரார். கோயிற் கல்லைக் கொணர்ந்து அடுக்கியதோ என ஐயுறுவார் மற்றொரு சாரார். இரண்டாவது ஐயத்தைத் தூண்களே தீர்த்துவைக்கின்றன. கோயிலிலிருந்து பெயர்த்த தூணாயின் அதன் சதுர முகங்களிலே தெய்வ உருவமோ, யாளியோ, ஆடல்மகளோ இருந்து, பின்னர் உளியாற் சிதைக்கப்பட்ட வடு தெரியவேண்டும். இங்கே அவ்விடங்களிற் பூவும் கொடியும் கோலம்போன்ற வடிவங்களும் தொடக்கத்திலேயே செதுக்கப்பட்டுள்ளன. உருவம் விலக்கும் ஒரு சமயத்தின் பொருட்டு, உருவம் செதுக்கப் பழகிய கை தன் மரபினுள்ளேயே நின்று, அம்மரபின் இலைக்கொடிப் பகுதியை மட்டும் தெரிந்தெடுத்து வளர்த்தது. இது தேர்ந்த கலைஞனின் செயல்.

முதலாவது தீர்ப்பு சற்று நுட்பமான விடையை வேண்டுகிறது. தமிழ்நாட்டிலிருந்து நோக்க மக்கா மேற்றிசையில் உள்ளது. ஆதலின் தொழுவோர் மேற்கு நோக்கி நிற்பர். கிழக்கு நோக்கிய சன்னிதியின் முன் நிற்கும் அடியவனும் மேற்கு நோக்கியே நிற்கின்றான். கிழக்கே வாயில் அமைத்து மேற்கே கருத்தைச் செலுத்தும் மண்டபத்தைத் தச்சன் முன்னரே அறிவான். ஆயினும், கோயில் மண்டபம் அடியவனைப் படிப்படியாக ஒடுங்கிய இடத்துக்கும் மங்கிய ஒளிக்கும் அழைத்துச் சென்று கருவறை வாயிலில் நிறுத்துவது. பள்ளிவாசலின் கூடம் அவ்வாறன்று. அங்கே மிஹ்ராபு சுவரிலமைந்த ஒரு மாடக்குழி. அதனுள் உருவம் எதுவும் இல்லை. தோளோடு தோள் சேர்த்து வரிசை வரிசையாக நிற்பதற்குரிய அகலமே அங்கு வேண்டப்படுவது. அதே தூணும் அதே உத்தரமும் நடந்துசெல்லும் வழியை விடுத்து, நிற்கும் வரிசைக்கு இடம் தருகின்றன. கொர்தோவாவில் உரோமரின் உறுப்புக்கள் புதிய கருத்துக்கு உடலானமை போலவே இதுவும் என்க. அங்கே முதனூல் எனப் போற்றப்படுவதை இங்கே படி என இகழ்தல் நடுவுநிலைமையன்று.

கீழக்கரையின் கல்லிலே கண்ட நெறியைக் கீழக்கரையின் சொல்லிலும் காணலாம். பள்ளி எடுப்பித்த அவ்வள்ளலின் வேண்டுகோளாலேயே சீறாப்புராணம் எழுந்தது. எட்டையபுர அரசவைப் புலவர் கடிகைமுத்துப் புலவரிடம் தமிழ் பயின்ற உமறுப்புலவர், கீழக்கரையில் வாழ்ந்த பேரறிஞர் சதக்கத்துல்லா அப்பாவின் வழிகாட்டலாற் பொருள் பெற்று, நபிகள் நாயகத்தின் வரலாற்றை விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்ரத்து என மூன்று காண்டங்களில், ஐயாயிரத்துக்கு மேற்பட்ட விருத்தங்களாற் பாடினார். வள்ளல் மறைந்த பின்னர், பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயரின் ஆதரவு அந்நூலுக்கு வாய்த்தது.

இந்நூலின் நாட்டுப் படலத்திலும் நகரப் படலத்திலும் அரபு நாடு வயலும் வாய்க்காலும் சோலையும் நிறைந்த மருதமாகக் காட்சியளிக்கிறது. மணற்பாலையில் நெல் விளையுமோ என நகைப்போர் உளர். ஆயின், கம்பருடைய கோசல நாட்டிற் பாய்வது பெயரளவிலே சரயு, பண்பளவிலே காவிரி. அதனை நாம் குற்றமாகக் கொள்வதில்லை. நாட்டுப் படலம் நிலநூலன்று. காப்பியத்துள் நுழைவதற்குரிய கோபுர வாயில். தலைவன் பிறக்கும் நாடு வளமுடையது எனக் கூறத் தமிழ்ப்புலவனிடம் இருந்த மொழி மருதத்தின் மொழியே. அப்துர் ரகுமான் தம் பிறந்த நாட்டு நினைவால் கொர்தோவாவுக்கு அருகே ருஸாபா என்னும் சிரிய நாட்டுப் பெயரால் ஒரு சோலை அமைத்தார். அங்குள்ள பேரீச்ச மரத்தை விளித்து அவர் பாடியதாக ஒரு கவிதையும் வழங்குகிறது. அவர் தம் நாட்டு மரத்தை அயல்மண்ணில் நட்டார். உமறுப்புலவரோ தம் நாட்டு நெல்லை நபிகள் பிறந்த மண்ணில் நட்டார். உள்ளத்துக்கு இனியதைத் தன்னருகிற் கொணரும் முயற்சியே இரண்டும்.

அவ்வாறாயின் இவ்விரு படைப்பிலும் குறையே இல்லையோ எனின், உண்டு. கற்கூரை தாங்கும் உத்தரம் நெடுந்தொலைவு தாண்டாது. ஆதலின் தூண்கள் நெருங்கி நிற்கவேண்டியதாகிறது. அந்நெருக்கம் வரிசையை இடைமறிக்கிறது. கொர்தோவாவின் வளைவு தந்த விரிவைக் கீழக்கரையின் உத்தரம் தர இயலாது. அவ்வாறே, சீறாப்புராணத்தின் வருணனைப் பகுதிகள் சிலவற்றில் மரபு கனத்து நிற்கிறது. கற்றவர் முன்னரே அறிந்த உவமைகள் அடுத்தடுத்து வந்து கதையின் நடையைத் தளர்த்துகின்றன. காப்பியம் மரபின் சுமையை மறந்து எழும் இடங்களே அதன் சிகரங்கள். மானுக்குப் பிணைநின்ற படலம் அத்தகையது. வேடன் வலையிற் சிக்கிய பெண்மான், தன் கன்றுக்குப் பாலூட்டி மீள்வதாக வேண்ட, நபிகள் தாமே அதற்குப் பிணையாக நிற்கின்றார். மான் சொன்னபடி கன்றோடு மீள்கிறது. வேடனின் உள்ளமும் மாறுகிறது. மலைச்சாரலும் மானும் குறிஞ்சிப் பாட்டிலிருந்து வந்தவை. பிணைநிற்கும் அருள் நபிகள் வரலாற்றிலிருந்து வந்தது. இரண்டும் இணைந்த தையல் தெரியாதவாறு அப்படலம் அமைந்துள்ளது. சமய வேற்றுமை பாராது எவரும் அதனைப் படித்து உருகுவர்.

இதுகாறும் பழைய வடிவத்தைக் கற்று, அதனைப் புதிய பொருளுக்குரியதாக்கிய கைகளைக் கண்டோம். வேறு இரு கைகளும் வரலாற்றில் உள்ளன. அவற்றுள் முதலாவதைக் கொர்தோவாவிலேயே காணலாம். 1236 இல் மூன்றாம் பெர்தினாந்து நகரைக் கைப்பற்றியதும் பள்ளி கிறித்தவக் கோயிலாயிற்று. பின்னர் 1523 இல், பேரரசர் ஐந்தாம் சார்லசின் இசைவுடன், தூண்கள் பலவற்றை அகற்றிக் கூடத்தின் நடுவே உயர்ந்த ஓர் ஆலயத்தை எழுப்பத் தொடங்கினர். நகரவையினர் தடுத்தும் பயனில்லை. இசைவளித்த அரசரே பின்னர் வந்து கண்டு வருந்தினார் என்பது செவிவழிச் செய்தி. அவ்வாலயம் தன்னளவிலே சிறந்த வேலைப்பாடுடையது. எனினும், தான் புகுந்த இடம் கூற வந்த கருத்தை அது செவிமடுக்கவில்லை. எல்லாத் திசையிலும் ஒத்து விரிந்த வெளியின் நடுவே, மேனோக்கி எழும் ஒரு கூட்டைக் கொணர்ந்து நிறுத்திற்று. ஆயினும், வழிபாட்டிடமாகத் தொடர்ந்து பேணப்பட்டமையாலேயே எஞ்சிய பகுதி இன்றுவரை நிலைபெற்றது என்பதையும் மறைத்தல் ஆகாது.

இரண்டாவது கையைக் காண நாம் கடல் கடந்து செல்லவேண்டுவதில்லை. கொன்ஸ்தந்தீனு த சா என்னும் போத்துக்கீசத் தளபதி கோணேசர் ஆலயத்தை இடித்து, அக்கற்களைக் கொண்டு 1624 ஆம் ஆண்டளவில் நம் துறைமுகத்தின்மேற் கோட்டை எழுப்பினான். பின்னர் ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் ஆண்டு, 1803 முதல் பிரடெரிக் கோட்டை எனப் பெயர்பெற்றதும் அதுவே. அதன் வாயிலிலே இணைக்கயற் சின்னமும் சிதைந்த தமிழெழுத்தும் தாங்கிய கற்கள் சுவரோடு சுவராய் நிற்கின்றன. சுவாமிமலையிலே, ஆலயத் தூணெனக் கருதப்படும் ஒன்றில், ஒல்லாந்தப் பெண்ணொருத்தியின் பெயரும் 1687 என்னும் ஆண்டும் பொறிக்கப்பட்டன. கொர்தோவாவின் கொத்தரும் அயலார் கல்லையே எடுத்தாண்டனர். ஆயின், அத்தூணை அவர்கள் தூணாகவே நிறுத்தினர். அதன் தலையழகைத் தலையழகாகவே காட்டினர். இங்கோ தூண் வெறும் பாறையாயிற்று. எழுத்து எழுத்தாக மதிக்கப்படவில்லை; கல்லின் கனமே மதிக்கப்பட்டது.

ஈண்டு, ஸ்பெயினையும் திருகோணமலையையும் இணைக்கும் செய்தியொன்று கருதத்தக்கது. 1580 முதல் 1640 வரை போத்துக்கல்லின் முடியும் ஸ்பெயின் அரசரின் தலையிலேயே இருந்தது. ஸ்பெயினில் எஞ்சியிருந்த முஸ்லிம் வழிவந்தோரை நாடுகடத்துமாறு 1609 இல் மூன்றாம் பிலிப்பு ஆணையிட, 1614 வரையில் ஏறத்தாழ மூன்று இலட்சம் மக்கள் வெளியேற்றப்பட்டனர். அவர் மகன் நான்காம் பிலிப்பின் ஆட்சியிலேதான் நம் ஆலயம் இடிபட்டது. அவ்வாட்சியிலேயே, 1626 இல், போத்துக்கீசர் வசமிருந்த இலங்கைப் பகுதிகளிலிருந்து முஸ்லிம்கள் துரத்தப்பட்டனர். கண்டி மன்னன் செனரத் அவர்களை ஏற்று, ஏறத்தாழ நாலாயிரவரை மட்டக்களப்புப் பகுதியிற் குடியமர்த்தினான். தம் நாட்டிலே தாம் வெறுத்தவர்களுக்கு வழங்கிய 'மூர்' என்னும் பெயரையே போத்துக்கீசர் இங்குள்ள முஸ்லிம்களுக்கும் இட்டனர். தமிழில் அவர்களுக்கு ஏற்கெனவே சோனகர் என்னும் பெயர் உண்டு. ஆகவே, கோணேசர் கல்லும் கிழக்கிலங்கைச் சோனகரின் இடப்பெயர்வும் ஒரே முடியாட்சியின் கீழ், சில ஆண்டு இடைவெளியில் நிகழ்ந்த இரு துயரங்களாம். 2012 ஆம் ஆண்டுக் குடிசனக் கணக்கெடுப்பின்படி நம் மாவட்டத்து மக்களில் ஏறத்தாழ ஐந்தில் இரு பங்கினர் சோனகர். கிண்ணியாவிலும் மூதூரிலும் வாழும் அவர்களுடைய வீட்டுமொழி தமிழே.

இந்நிலையில், தமிழில் எழுந்த இஸ்லாமியக் கலையைப் படியென்றும் இரவலென்றும் நாம் கூறுவோமாயின், விளையும் கேடு யாது? உங்கள் பள்ளி எங்கள் கோயிலைப் போன்றது எனப் பலகால் இகழ்ச்சியாகக் கேட்கும் ஒருவன், தன் பாட்டன் தொழுத கற்கூடத்துக்கு நாணத் தொடங்குவான். குவிமாடமும் உயர்ந்த மினாராவும் இருந்தாலன்றிப் பள்ளியாகாது என எண்ணுவான். இருகரையிலும் பல ஊர்களிற் பழைய கூடங்கள் இடிக்கப்பட்டும், சீமெந்து முகப்புக்களால் மறைக்கப்பட்டும் போனமைக்கு மக்கட் பெருக்கமும் இடநெருக்கடியும் காரணங்களாம். இந்நாணமும் ஒரு காரணமென்பது துணிபு. நாமும் இவ்வகையிற் குற்றமற்றவர் அல்லேம். குடமுழுக்கு வருந்தோறும் பழங்கல்லின் வேலைப்பாட்டை எண்ணெய் வர்ணத்தாலும் சீமெந்தாலும் மூடிவிடும் வழக்கம் நம் கோயில்களிலும் உண்டு. தன் மரபின் கல்லைப் படிக்கக் கல்லாதவன் பிறர் மரபின் கல்லையும் படிக்கமாட்டான்.

இதற்கு மருந்து பள்ளிக்கூடங்களிலேயே உள்ளது. சீறாப்புராணப் பகுதி பாடமாக அமையும்போது, அதனை ஒரு சமயத்தார்க்கு உரியதென ஒதுக்காது, கம்பராமாயணத்துக்கு அருகே வைத்து, அதே யாப்பு, அதே படல அமைப்பு, வேறு பொருள் எனக் கற்பித்தல் வேண்டும். இலங்கை அறிஞர் ம. மு. உவைஸ் தமிழுக்கு முஸ்லிம்கள் ஆற்றிய தொண்டினைப் பற்றிய தம் ஆய்வை நூலாக வெளியிட்டது 1953 இல். அதற்குப் பின்னரும் நம் மாணவர் உமறுப்புலவரின் பெயரை மட்டும் அறிந்து, நூலை அறியாது கல்லூரியை விட்டு நீங்குதல் பொருந்தாது. கோட்டை வாயிலின் இணைக்கயலைக் காட்டும் ஆசிரியர், கீழக்கரைத் தூணின் பூக்கொடியையும் படத்திலேனும் காட்டுவாராக. இரண்டும் தமிழ்த் தச்சனின் கைவேலையே.

இக்பாலுக்குக் கொர்தோவா எவ்வளவு உரியதோ, அவ்வளவுக்குக் கீழக்கரை தமிழ் கற்ற ஒவ்வொருவருக்கும் உரியது. பாடல் இயற்ற வல்லோர் பாடல் இயற்றுக. ஏனையோர் சென்று காண்க. காண இயலாதோர் அதனை எடுப்பித்த வள்ளல் எழுதுவித்த காப்பியத்தைப் படிக்க. கல்லைத் தூணாக நிறுத்திய கை எது, பாறையாக அடுக்கிய கை எது எனப் பகுத்தறியும் கல்வி, கோணேசர் கல்லை இழந்த ஊரார்க்கு ஏனையோரினும் மிகுதியாக வேண்டுவதொன்றாம்.